ஊம் கெர்ட்டை வீடு சேர்த்த வருஷம்

ஹெஸ்டர் செப்டெம்பருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேப் டவுனில் யாரும் கேட்பதில்லை. ஏப்ரல், செப்டெம்பர், அக்டோபர் என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் தெருவுக்கு நாலு வீடு இருக்கிறார்கள். அடிமையாகக் கப்பலில் வந்து இறங்கிய மாசத்தையே ஆளுக்குப் பெயராக எழுதிவிட்டுப் போனான் எவனோ வெள்ளைக்காரப் புண்ணியவான். "எங்க முப்பாட்டன் செப்டெம்பர்ல வந்தானோ பொழச்சான். பிப்ரவரின்னா ரெண்டு நாள் சோத்தைக் குறைச்சிருப்பானுங்க" என்று ஹெஸ்டர் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் உடம்பு முழுக்கக் குலுங்கும். அந்தச் சிரிப்பு ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்ட காலம் உண்டு.

ஸ்டேஷன் ரோட்டிலிருந்த ஒரு பெரிய மளிகைக் கடையில் அவள் கல்லாவில் உட்கார்ந்தவள். இளவயதில் உட்கார்ந்தவளை முழங்கால் வலி வந்தபிறகுதான் எழுப்பினார்கள், அதுவும் கடையையே மூடிவிட்டு. புருஷன் எப்போதோ இன்னொருத்தியோடு போய்விட்டான். எல்சீஸ் ரிவர் பேட்டையில் ஒரு வீட்டுப் பின்கட்டில் பலகை அடித்த ஒற்றை அறையில் அவளும் மகள் லொரிண்டாவும். லொரிண்டா நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். இந்த நேரம் பார்த்தா வேலை போகணும் என்று ஹெஸ்டர் கோயிலில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான், கடைவீதிச் சங்கம் அவளைக் கூப்பிட்டது.

சங்கம் என்றால், அந்தத் தெருவின் கட்டடச் சொந்தக்காரர்கள் நகராட்சி வரிக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தெருவைத் தாங்களே பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. பெருக்குகிறவர்கள், இரவும் பகலும் காவல்காரர்கள், விளக்குக் கம்பங்களில் பூக்கூடைகள், கிறிஸ்துமஸுக்குச் சர விளக்குகள். இதெல்லாம் போக, தெருவில் படுத்துக் கிடக்கிற மனிதர்களையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் ஹெஸ்டர். வேலைக்கு வைத்திருந்த பெயர் வாயில் நுழையாது. ஊதா நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து தெருவுக்கே அவள் ஊதா ஆன்டி.

சங்கம் நல்லதே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வியாழன்தோறும் பட்டாணி சூப் ஊற்றினார்கள். ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூ கொடுத்தார்கள். வசந்தத்தில் கடைக்காரர்களே விளக்குமாறு பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவுக்குப் பிறகு கொஞ்சம் பெருக்கவும் செய்தார்கள். இதில் பாதி வேலை ஹெஸ்டரின் தலையில். அவளும் மனசாரச் செய்தாள். யாருக்குக் காலில் புண், யார் அடையாள அட்டையைத் தொலைத்தவன், யாரை மாத்திரை போடச் சொல்லி அதட்டணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவர்களில் கெர்ட் அப்பொலிஸ் மேல்தான் அவளுக்குக் கூடுதல் பாசம். ஊம் கெர்ட், அதாவது கெர்ட் மாமா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், வயதில் பெரியவர் இல்லையா. மூடிப்போன வங்கியின் வாசல் தூண்களுக்கு நடுவே அவர் இடம். கடைத் தள்ளுவண்டி ஒன்று வைத்திருந்தார். அதைக் காலையில் எழுந்ததும் ஈரத்துணி போட்டுத் துடைப்பார், கார் வைத்திருப்பவன் காரைத் துடைக்கிற மாதிரி. ரயில்வேயில் தண்டவாளம் போட்ட உடம்பு, இப்போது எலும்பும் தோலும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்களின் கார்களுக்கு இடம் காட்டிக் கையை ஆட்டுவார். பூசை முடியும்வரை காவல் நிற்பார். கிளம்பும்போது அவர்கள் ஜன்னலை இறக்கிச் சில்லறை கொடுப்பார்கள். அந்தச் சில்லறையில்தான் அவர் பிழைப்பு.

குடியை விட்டவர். அதை யாரும் கேட்காமலே சொல்வார். பொய்யையும் விட்டவர், அதையும் சொல்வார்.

"குடிக்கிற காலத்துல நான் வாயைத் திறந்தாலே பொய், தங்கச்சி. அம்மா செத்துட்டான்னு மூணு தடவை லீவு வாங்கியிருக்கேன். நாலாவது தடவை அம்மாவே ஆபீஸுக்கு வந்து நின்னா."

ஹெஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மகள் கதையைச் சொன்னார். பஸ்ஸில் ஒரு ராத்திரித் தூரமுள்ள பியூஃபோர்ட் வெஸ்டில் வீடு. மகள் ரோசலின் சபையில் சேருகிற நாளுக்கு வெள்ளை கவுன் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டுப் போனவர், கவுன் காசைக் குடித்துவிட்டு, வழியில் எவனோ பிடுங்கிக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறார். சட்டையை அவரே கிழித்துக்கொண்டு வேறு வந்திருக்கிறார். கோயிலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளையில் நிற்க, அவள் மட்டும் பள்ளிக்கூடப் பாவாடையில் நின்றாளாம். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசியதில்லை. அவரும் அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை.

"இப்ப பொய்ன்னாலே பயமா இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஹெஸ்டர் அவருக்கு இன்னொரு கோப்பை சூப் ஊற்றிக் கொடுத்தாள்.

மார்ச் மாசம் சங்கம் புதுசாக ஒரு வேலையில் இறங்கியது. தெருவில் கையேந்துகிறவர்களுக்குச் சில்லறை கொடுக்காதீர்கள், அது குடிக்கும் போதைக்கும் போகிறது, சங்கத்தின் நிதியில் போடுங்கள், நாங்கள் முறையாகச் செலவு செய்கிறோம் என்று கடைக்குக் கடை அட்டை ஒட்டினார்கள். ஒட்டியது ஹெஸ்டர்தான். கோயில் சுவரிலும் ஒன்று ஒட்டினாள். ஊம் கெர்ட் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதுல கையில போடாதேன்னு போட்டிருக்கே, அது என் கைதானே தங்கச்சி?"

உங்களைச் சொல்லவில்லை ஊம், அது சோம்பேறிகளுக்கு என்று ஹெஸ்டர் சமாளித்தாள். கார் ஜன்னல்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து ஜன்னல்கள் இறங்கவில்லை. உள்ளே இருந்து நல்ல முகத்தோடு கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நல்லது செய்த திருப்தி அந்த முகங்களில் அப்பிக் கிடந்தது.

அதுவரை மழை நாட்களில் ஊம் கெர்ட் தங்குமிடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கே ராத்திரிக்குச் சின்னதாக ஒரு கட்டணம் உண்டு. சில்லறை நின்றதும் கட்டில் நின்றது. சங்கத்தின் நிதியில் கட்டிலுக்குச் சீட்டு கொடுப்பார்கள்தான், ஆனால் ஓர் ஆளுக்கு இரண்டு வாரம், அதற்கு மேல் கிடையாது, அடுத்தவனுக்கு வழி விடணும். அவருடைய இரண்டு வாரம் வெயில் அடிக்கிற ஏப்ரலிலேயே தீர்ந்துபோனது. மே மாசம் வடமேற்குக் காற்றோடு குளிர்கால மழை பிடித்தபோது அவர் தூண்களுக்கு நடுவே அட்டை விரித்துப் படுத்தார். இருமல் வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்து, ஈரத்தில் படுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அடேயப்பா, என்ன ஒரு கண்டுபிடிப்பு என்று ஹெஸ்டர் வாசலிலேயே நின்று திட்டினாள்.

ஜூன் முடிந்தால் சங்கத்துக்கு வருஷம் முடிகிறது. மேலாளர் விஸ்ஸர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். சூப் நன்றாக நடக்கிறது, ஷூ நன்றாக நடந்தது, ஆனால் வீடு சேர்த்தல் இந்த வருஷம் ரொம்ப மோசம் என்றார். வீடு சேர்த்தல் என்றால், வெளியூரிலிருந்து வந்து தெருவில் கிடப்பவனுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து, பஸ் ஏற்றி அனுப்புவது. கட்டடக்காரர்களுக்கு இதுதான் ரொம்பப் பிடித்த சேவை. அனுப்பியவன் வாசலில் கிடக்க மாட்டான் அல்லவா. உன் வேலையை அடுத்த வருஷத்துக்கு நீட்டச் சொல்லி நான்தான் குழுவில் பேசணும் ஹெஸ்டர், எனக்குச் சொல்ல ஏதாவது கொடு என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்.

வீடு சேர்த்தலுக்குச் சங்கத்தில் ஒரே ஒரு கட்டளை. வீட்டுக்காரர் தன் வாயாலேயே அனுப்புங்கள் என்று சொல்லணும். சொல்லாமல் பஸ் ஏற்றக் கூடாது. ஒருகாலத்தில் அப்படி ஏற்றிவிட்டு ஏச்சு வாங்கியதால் வந்த கட்டளை அது.

ஊம் கெர்ட் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த வாசலில் நிற்க எனக்கு முகம் கிடையாது என்றார். பிறகு ஒரு ராத்திரி இருமி இருமி எச்சிலில் ரத்தம் கண்டபின், கேட்டுத்தான் பாரேன் என்றார். ஹெஸ்டர் பியூஃபோர்ட் வெஸ்டிலிருக்கும் சபை அலுவலகத்தைப் பிடித்து, அவர்கள் மூலமாக ரோசலினைப் பிடித்தாள். போனில் விஷயத்தைச் சொன்னதும் ரோசலின் இரண்டே கேள்வி கேட்டாள்.

"குடிக்கிறாரா?"

"இல்லம்மா. விட்டுட்டாரு."

"பொய் சொல்றாரா?"

"இல்ல. அதையும்தான் விட்டுட்டாரு."

வீட்டில் புருஷனோடு பேசணும், யோசிக்கணும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை ஹெஸ்டர் நன்றாகக் கேட்டாள். குடிக்கிறாரா என்று கேட்கிறவள் அனுப்பு என்று சொல்லத்தானே கேட்கிறாள், வேண்டாதவள் எதற்குக் கேட்கப்போகிறாள்?

ஆனால் பஸ் வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் சங்கத்துக்குப் புது வருஷம் பிறந்துவிடும். அதற்குள் மழை இன்னும் வலுக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊம் கெர்ட்டின் நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

பழைய கடையில் மாசக் கடைசியில் ஒரு வழக்கம் இருந்தது. இலக்குக்குக் கொஞ்சம் குறைந்தால், நாளைக்கு நிச்சயம் வாங்க வருகிறவன் கணக்கை இன்றைக்கே கல்லாவில் அடித்துவிடுவார்கள். மறுநாள் அவன் வந்து வாங்கிக்கொண்டு போவான். யாருக்கும் நஷ்டம் இல்லை. அத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவளின் கை அப்படித்தான் பழகியிருந்தது. ஞாயிறு வரப்போகிற சரியை வெள்ளிக்கு முன்னாலேயே அடித்துவிட்டால் என்ன? விஸ்ஸரிடம் போய், மகள் சரி என்று சொல்லிவிட்டாள் என்றாள். அவர் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அது அலுவலகத்தில் சொன்ன பொய். அதை ஹெஸ்டரின் மனசாட்சி எப்படியோ விழுங்கிக்கொண்டது. வங்கி வாசலில் சொன்னது வேறு. ஊம் கெர்ட் அட்டையில் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"அவ சொன்னாளா? அவ வாயாலயே சொன்னாளா?"

"அவங்க வாயாலயே சொன்னாங்க ஊம்."

"என்னன்னு சொன்னா?"

இதை ஹெஸ்டர் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாக்கியம் கட்டவேண்டி வந்தது. "'அப்பாவை வரச் சொல்லுங்க'ன்னு சொன்னாங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னாள். கிளம்புவதற்குள் இன்னும் எத்தனையோ தடவை சொல்லச் சொன்னார். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அந்தக் குரல் தன் காதிலேயே விழுந்த மாதிரி ஹெஸ்டருக்கு ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விஸ்ஸர் தன் காரிலேயே பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். ஊம் கெர்ட்டைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, புது ஜாக்கெட் போட்டு, சங்கத்தின் பெயரும் போன் எண்ணும் அச்சடித்த பையைத் தோளில் மாட்டியிருந்தார்கள். வழியில் ஒரு துணிக்கடையில் நிறுத்தச் சொன்னார். சேர்த்து வைத்திருந்த கடைசிச் சில்லறையைக் கொட்டி, தலைக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி ஒன்று வாங்கினார். கவுனுக்குப் பதிலா என்று ஹெஸ்டர் கேலி செய்தாள். "கவுன் போடற வயசை அவ தாண்டியிருப்பா. இதுவாவது கட்டிக்கட்டும்" என்றார். பஸ் படியில் நின்று சிரித்தார். முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பை விஸ்ஸர் போட்டோ எடுத்தார். தள்ளுவண்டியை வச்சுக்கோ தங்கச்சி, துருப்பிடிக்க விட்டுடாதே என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் ஹெஸ்டர் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வரவில்லை. அவளே கூப்பிட்டாள், எடுக்கவில்லை. சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருப்பாரே, அப்பாவும் மகளும் அழுது முடித்து இப்போது பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் நாம் எதற்கு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். திங்கள் கூப்பிடப் பயமாக இருந்தது. செவ்வாயும் கூப்பிடவில்லை. புதன்கிழமை பையிலிருந்த எண்ணைப் பார்த்து பியூஃபோர்ட் வெஸ்ட் போலீஸ் கூப்பிட்டது. நெடுஞ்சாலை பஸ்கள் வந்து நிற்கிற பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சுவரோரம், பையை மடியில் வைத்து உட்கார்ந்த வாக்கில் செத்து விறைத்துப்போயிருந்தாராம். ஜூன் அங்கே குளிர்காலம், கரூ வறண்டவெளியின் குளிர் தண்ணீரையே கல்லாக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் யாராவது இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்வார்களா என்று டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று பங்குக்காரர்கள் சொன்னார்களாம். மகள் வீட்டில் சேர்க்கவில்லை போலிருக்கிறது என்று போலீஸ்காரர் சாதாரணமாகச் சொன்னார்.

விஸ்ஸர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, நம் வேலை குடும்பத்திடம் சேர்க்கிற வரைக்கும்தான், சரி என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினால் நாம் என்ன செய்வது, பாவி மகள் என்றார். ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். லொரிண்டாவின் முகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

அந்தப் போட்டோ ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. ஜூலையில், நாடே சேவை செய்கிற மண்டேலா நாளுக்காகத் தெருவெங்கும் விளக்குக் கம்பங்களில் சங்கத்தின் சேவைகளைப் படம் போட்டுத் தொங்கவிட்டார்கள். வங்கிக்கு எதிர்க் கம்பத்தில் ஊம் கெர்ட். புது ஜாக்கெட், பை, பொக்கை வாய்ச் சிரிப்பு. கீழே, 'வீடு திரும்பினார்' என்று எழுத்து. அதை மட்டும் இறக்கிவிடுங்கள் என்று ஹெஸ்டர் விஸ்ஸரிடம் கெஞ்சினாள். ஒன்றை இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும், வருஷம் முழுக்கத் தொங்குவதற்குத்தான் பணம் கட்டியிருக்கிறது என்றார் அவர். அவள் வேலையும் நீண்டது. இரண்டும் ஒரே கூட்டத்தில் முடிவானது.

தெருவில் கிடப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ. ஊதா சட்டையைக் கண்டால் சந்துக்குள் நழுவினார்கள். வியாழக்கிழமை சூப்புக்கு வரிசை பாதியானது. "டேய் இருமாதேடா, ஆன்டி காதுல விழுந்தா பஸ் ஏத்திடுவா" என்று ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஹெஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போகணும், வரணும். எதிர்ப்பக்கம் நடந்து பார்த்தாள், எதிர்ப்பக்கத்தில் வங்கி வாசல். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் லொரிண்டா என்னம்மா ஆச்சு என்பாள், முழங்கால் என்பாள் இவள். அலுவலகக் கொல்லையில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை மட்டும் வாரம் தவறாமல் துடைத்து வைத்தாள். அழுகையெல்லாம் அந்தக் கொல்லையில்தான்.

அக்டோபரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கோயில் மண்டபத்தில் சாயங்காலம் நடக்கணும். மத்தியானம் ஹெஸ்டரும் விஸ்ஸரும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷத்தின் சிறந்த சேவைக்கு ஹெஸ்டருக்குப் பட்டயம் என்று விஸ்ஸர் ரகசியமாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டிய வயது, கறுப்புப் பாவாடை, தோளில் சங்கத்தின் பை. ஊதா ஆன்டி யார் என்று வெளியே கேட்டிருக்கிறாள். வாயைத் திறந்ததுமே ஹெஸ்டருக்குக் குரல் தெரிந்துவிட்டது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

அவள் சண்டைக்கு வரவில்லை. நான் ரோசலின், கெர்ட் அப்பொலிஸின் மகள் என்று விஸ்ஸருக்கு மரியாதையாகச் சொன்னாள். பஸ்ஸுக்குப் பணம் சேர இவ்வளவு நாள் ஆனது, ஒரே ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். வங்கிக்கு எதிரே கம்பத்தில் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"அன்னிக்கு வாசல்ல வந்து நின்னு, 'உன் வாயாலயே வரச் சொன்னியாமே'ன்னாரு. நான் சொல்லல. ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன், எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. பொய்யை விட்டுட்டாருன்னு இந்த அம்மா சொன்னாங்களேன்னு நம்பி உக்காந்திருந்தேன். வந்த முதல் வார்த்தையே பொய்யா இருக்கேன்னு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கதவைச் சாத்திட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது பொய்தானே? அவர் பழைய மாதிரி பொய்தானே சொன்னாரு?"

கேட்கவில்லை, இரந்தாள். அப்படி ஒரு முகத்தை ஹெஸ்டர் தெருவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், கை நீட்டுகிற முகம். இந்த நாலு மாசம் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இவள் தூங்கி எழுந்திருக்கிறாள் என்று ஹெஸ்டருக்கு விளங்கிப்போனது.

விஸ்ஸர் ஹெஸ்டரைப் பார்த்தார். அவருக்கும் அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. ஆனாலும் மெல்லிய குரலில், வயசானவர்கள் பயணக் களைப்பில் எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவது உண்டு அம்மா என்று ஆரம்பித்தார். நல்ல மனசோடுதான் ஆரம்பித்தார். ஆமாம் என்று ஹெஸ்டர் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். இந்தப் பெண் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவாள். விஸ்ஸரின் கூட்டம் நடக்கும். லொரிண்டா பரீட்சை எழுதுவாள். உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் நல்லது. கெட்ட பேர் ஒருத்தருக்குத்தான், அவரும் வந்து கேட்கப்போவதில்லை.

தலை அசையவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டவர் கண்முன்னே உட்கார்ந்திருந்தார்.

"ஊம் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். நீங்க வரச் சொன்னதா நான்தான் அவர்கிட்ட சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பிட்டாரு."

விஸ்ஸர், "ஹெஸ்டர்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலமே அவளுடைய ஊதா சட்டையை வாங்கிக்கொண்டார்கள், அது பிறகு. ரோசலின் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று ஹெஸ்டர் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, விலைச்சீட்டுகூடப் பிய்க்காத வெள்ளைத் தலைத்துணியை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"சிரிச்சுக்கிட்டே நின்னாரு. குடிச்சிருக்காருன்னு நெனச்சேன்."